மேஸ்திரி வீட்டுக்கு மூன்று கோட்டிங் வார்னிஷ்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை வார்னிஷ் வாடையில் பிறந்தது. ஜன்னல் வழியாக அந்த வாடை வந்துகொண்டே இருக்கிறது. அதனால்தான் ஒரு வாக்கியமும் உட்கார மாட்டேன் என்கிறது. முதல் வரியை நான்கு முறை எழுதியாயிற்று.

'மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலை, தச்சர் தன் நாய்க்காக—'

வேண்டாம். மழையில் தொடங்கிய கதைகள் போதாதா? ஆனால் என்ன செய்ய, மழைதான் பெய்கிறது.

2.

தச்சருக்கு அறுபத்திரண்டு வயது. அவருடைய நாய்க்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தவள் அவர் மகள். (பட்டறையில் ஒரு துரும்பையும் எடுத்துப் போடாமல், யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் வேறென்ன பெயர் வைப்பதாம்?) ஒன்பது வருடமாக அது தூங்குவது தச்சரின் கட்டிலுக்கடியில்.

மகளுக்குக் குழந்தை பிறந்து இருபது நாள். மருமகன் வாயைத் திறந்தார்: குழந்தை இருக்கிற வீட்டுக்குள் நாய் கூடாது. வெளியே ஒரு கூண்டில் படுக்கப் பழகினால் சரி. இல்லையென்றால் ஊருக்கு வெளியே இருக்கும் கிடங்குக்குக் காவலுக்குக் கொடுத்துவிட வேண்டும். ஐந்து நாள் கெடு, நாளைக் காலையோடு முடிகிறது.

தச்சர் மகள் முகத்தைப் பார்த்தார், பட்டறைக்குப் போனார்.

3.

நான்கு நாள் வேலை. ஈரம் ஏறாமல் செங்கல் உயரத்துக்குக் கால், தண்ணீர் வழியச் சாய்வான கூரை, சாரல் அடிக்காத பக்கமாக வாசல். மேஸ்திரியைப் படுக்கவைத்து மூக்கிலிருந்து வால்வரை அளவெடுத்தார். தனக்குத்தான் இந்த வேலை நடக்கிறது என்று தெரியாமல் அதுவும் வழக்கம்போல் மேற்பார்வை பார்த்தது. [இதை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.] கடைசியாக உள்ளும் புறமும் மூன்று கோட்டிங் வார்னிஷ். உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிடுகிற ஆளில்லை அவர். அலமாரியின் முதுகைக்கூட இழைத்துக் கொடுத்தே நாற்பது வருடம் ஓட்டியவர்.

அங்கேதான் சறுக்கினார். மேஸ்திரி தலையை உள்ளே நீட்டியது, இரண்டு தும்மல் போட்டது, பின்வாங்கி மழையில் உட்கார்ந்துகொண்டது. பிஸ்கட்டுக்கும் மசியவில்லை.

4.

இந்த மருமகன் பாத்திரம் எனக்குப் பிடிபடவே இல்லை. முதல் பிரதியில் முறுக்கு மீசை வைத்துப் பார்த்தேன். சுத்த வில்லனாக இருந்தார், எனக்கும் நிம்மதியாக இருந்தது. அடுத்த பிரதியில், சின்ன வயதில் அவரை நாய் கடித்ததாக எழுதினேன். பரிதாபம் தேடுகிற மாதிரி இருந்தது, அடித்துவிட்டேன்.*

* கடித்தது உண்மை. முழங்காலில் தழும்பு இருக்கிறது. என் முழங்காலில்.

ஆமாம், நான்தான் அந்த மருமகன். மாமா வீட்டில் இருந்துகொண்டு, மாமா செய்த மேசையில் எழுதிக்கொண்டு, மாமாவின் நாயை வெளியே அனுப்பச் சொன்ன மகராசன். வெட்கமாக இருக்கிறது.

5.

முடிவு அ: மேஸ்திரி சமர்த்தாக உள்ளே போய்ப் படுக்கிறது. (எனக்கே நம்பிக்கை இல்லை.)

முடிவு ஆ: காலையில் வண்டி வருகிறது. மாமா கயிற்றைக் கிடங்குக்காரர் கையில் கொடுத்துவிட்டு—

எழுத வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறேன். மாமா தன் பழைய சட்டையையும் ஒரு கூடை மரச்சுருளையும் கூண்டுக்குள் பரப்பிவிட்டு, முட்டிபோட்டு இடுப்புவரை தானே நுழைந்து படுத்திருக்கிறார். இடுப்புக்குக் கீழே மழையில் நனைகிறது. மேஸ்திரி அவர் காலடியில் சுருண்டு கிடக்கிறது.

நனைகிறீர்கள் மாமா, உள்ளே வாருங்கள் என்று ஜன்னலிலிருந்தே சொன்னேன்.

"வந்துடுறேன் மாப்பிள்ளை. நான் கொஞ்ச நேரம் படுத்துட்டா அதுவும் வந்துடும். என் பக்கத்துலயே தூங்கிப் பழகிடுச்சு, அதான்."

என் மனைவி குழந்தையோடு வந்து பின்னால் நின்றாள். எழுதியதை எட்டிப் பார்த்தாள்.

"அப்பா இன்னும் எவ்வளவு நேரம் இப்படிக் கிடக்கணும்னு போட்டிருக்கீங்க?"

பேனாவை மூடிவிட்டேன். மேசையிலிருந்து கதவுக்கு ஏழு அடி. தாழ்ப்பாள் என் பக்கம் இருக்கிறது. முழங்கால் தழும்பைத் தடவிக்கொண்டே எழுந்துவிட்டேன். கதவைத் திறந்து ஒருவரைக் கூப்பிட்டேனா, இரண்டு பேரையுமா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.