இரண்டு பாடம் மட்டும்

1

இந்தக் கதை ஒரு விண்ணப்பப் படிவத்திலிருந்து வந்தது. கற்பனை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், சொன்னால் பொய். பெங்களூர் ஜோகுபாளையத்தில் ஆன்லைன் சென்டர் வைத்திருக்கிறேன். ஆதார் திருத்தம், சாதிச் சான்றிதழ், காலேஜ் அப்ளிகேஷன். பகலெல்லாம் மற்றவர்கள் வாழ்க்கையைக் கட்டம் கட்டமாக நிரப்பிவிட்டு, மீதமிருக்கும் தெம்பில் எழுதுகிறேன். தெம்பு அதிகம் மீதமிருப்பதில்லை. கதையும் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்: "ஆஞ்சலா பியூசியில் ஃபெயிலான அன்று பெங்களூரில் நல்ல மழை." மழையே இல்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "ஒரு தகப்பனின் கனவு என்பது..." என்பது என்ன? தெரியவில்லை.

மூன்றாவது, நடந்தபடியே. ஆஞ்சலா சயன்ஸ் எடுத்தவள். இரண்டாம் பியூசியை (தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ) இரண்டு தடவை எழுதியும் ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ் மூன்றும் போச்சு. தேறியது இங்கிலீஷ், சான்ஸ்கிரிட், பயாலஜி. இப்போது காமர்ஸுக்கு மாறி, திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதப் போகிறாள். தேறிய பாடங்களில் இரண்டை மட்டும் மதிப்பெண்ணோடு அங்கே கொண்டுபோகலாம். மூன்றாவதை விட்டுவிட வேண்டியதுதான்.

(ரிச்சர்ட்ஸ் டவுன் தமிழ்க் கிறிஸ்தவப் பெண்ணுக்கு சான்ஸ்கிரிட் எதற்கு என்பீர்கள். இந்த ஊரில் அது மொழியில்லை, மார்க். பதிலை இங்கிலீஷிலேயே எழுதலாம். வீட்டில் பேசுகிற தமிழை எடுத்தால் மார்க் குறையும் என்று அவள் அப்பாவுக்குப் பயம். சான்ஸ்கிரிட்டில் தொண்ணூற்றாறு வாங்கினாள். பயாலஜியில் முப்பத்தேழு.)

3

அப்பா ஃபிராங்க்ளின் ஓர் ஆஸ்பத்திரியில் லேப் அட்டெண்டர். முதல் வரைவில் அவரைக் கொடுமைக்காரராக எழுதினேன். எழுத எழுத எனக்கே வெட்கமாக இருந்தது. மனிதர் அரைநாள் லீவு போட்டுவிட்டு மகளோடு வந்திருந்தார்.

"இங்கிலீஷ், பயாலஜி ரெண்டையும் போடுங்க மேடம். நர்சிங்குக்காவது ஒரு வழி இருக்கும்."

"பேடா, வேணாம் டாடி. தொண்ணூத்தாற விட்டுட்டு முப்பத்தேழ எடுத்துட்டுப் போகவா? பி.காம் சீட்டு எப்படிக் கெடைக்கும்?"

"அப்ப சயன்ஸே வாணாமா உனக்கு?"

"ரெண்டு வருசமா அதத்தான சொல்லிட்டிருக்கேன்."

என் ஜெராக்ஸ் மெஷின் மக்கர் பண்ணியதால் மார்க்ஷீட்டை நகலெடுக்க அவள் பக்கத்துக் கடைக்குப் போனாள். ஃபிராங்க்ளின் கவுண்டர்மேல் குனிந்தார்.

"பாப்பா வர்றதுக்குள்ள பயாலஜின்னு போட்டு வுட்டுடுங்க மேடம். இருவது வருசமா டாக்டருங்க, நர்சுங்க கழட்டிப் போடற வெள்ளக் கோட்ட நான்தான் லாண்டரிக்குப் போடறேன். எம் பொண்ணு ஒண்ணு மாட்டிக்கிட்டா என்ன?"*

பாடப் பட்டியலைத் திரையில் திறந்தேன்.

* அவர் மனதில் வைத்திருந்த பி.எஸ்ஸி. நர்சிங்குக்கு ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி மூன்றும் வேண்டும். பயாலஜியை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எனக்கு அது தெரியும். அவருக்குத் தெரியாது. இந்தக் குறிப்பை அடியில் ஒளித்ததற்குக் காரணம் உண்டு: அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை.

4

எழுதிப் பார்த்த முடிவுகள்.

அ) அவரிடம் உண்மையைச் சொல்கிறேன். "சரி, அவ இஷ்டம்" என்கிறார். (நல்ல முடிவு. ஆனால் அதற்குப் பத்து நிமிஷமும் கொஞ்சம் தைரியமும் வேண்டும். வரிசையில் ஏழு பேர். சர்வர் வேறு படுத்திக்கொண்டிருந்தது.)

ஆ) அவருக்குத் தெரியாமல் சான்ஸ்கிரிட்டைப் போடுகிறேன். (என்னை நம்பிக் கேட்ட மனிதரை ஏமாற்றுவது.)

இ) அவர் சொன்னபடியே போடுகிறேன். (அவளை...)

5

அவர் போனுக்கு ஓடிபி வந்தது. எண்ணெண்ணாகப் படித்தார், நான் அடித்தேன்.

ஆஞ்சலா மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள்.

"சப்மிட் ஆய்த்தா ஆன்ட்டி?"

"ஆச்சும்மா."

அச்சடித்த தாளை நீட்டினேன். பிரித்துப் பார்ப்பாள் என்று காத்திருந்தேன். அவள் நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நீங்க போட்டா கரெக்டாத்தான் இருக்கும். டாடி எதாவது மாத்திச் சொல்லிடுவாரோன்னுதான் ஓடி வந்தேன்."

அந்தத் தாளில் எந்த இரண்டு பாடம் இருந்தது என்று நான் எழுதப் போவதில்லை. நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பின்னால் வரிசை நிற்கவில்லை.