அறுபத்தொன்றாம் பாகத்தில் உளுந்து

பத்மஜாவுக்குக் கை ஓய்ந்துவிட்டது. காலையிலிருந்து முப்பத்தெட்டுத் தொடர்கதைகளின் கீழே 'அருமை, அடுத்த பாகத்துக்கு வெயிட்டிங்' என்று ஒட்டியிருந்தாள். ஒன்றையும் படிக்கவில்லை. கதைச் செயலியில் எழுதுகிறவர்களின் வாட்ஸப் குழுவில் அதுதான் ஏற்பாடு. நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுகிறேன். போடாதவர்கள் வாரப் பட்டியலில் ஏற முடியாது. அவள் மூன்றாவது இடத்தில் இருந்தாள். தன் கதையை ஒருவராவது படிக்கிறார்களா என்பதுதான் இரண்டு வருஷமாகத் தெரியவில்லை.

அன்று அறுபத்தொன்றாம் பாகத்தைச் செயலியில் ஏற்றினாள். லேக் மார்க்கெட்டில் தமிழ்ச் சாமான் விற்கும் வேலாயுதத்துக்கு மாதப் பட்டியலை அனுப்பினாள். துணி உலர்த்தப் போனாள்.

திரும்பி வந்து பார்த்தால் செயலியில் அறுபத்தொன்றாம் பாகம் இப்படி இருந்தது: உளுந்து இரண்டு கிலோ, கல்லுப்பு, பெருங்காயம், அப்பளம் நாலு கட்டு. கீழே முப்பத்தோரு பேர் வந்து போயிருந்தார்கள். 'அருமை.' 'செம ட்விஸ்ட் சிஸ்.' 'கண் கலங்கிவிட்டது.'

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. போன் அடித்தது.

"மாமி, வேலாயுதம் பேசறேன். லிஸ்ட்டுக்குப் பதிலா என்னமோ அனுப்பியிருக்கீங்க."

"மாறி வந்துடுத்துப்பா. அழிச்சுடு."

"எங்க அழிக்க? உளுந்து எங்கயாச்சும் வருதான்னு கடைசி வரைக்கும் படிச்சுட்டேன். அந்தப் பொண்ணு கோச்சுக்கிட்டு ஹௌரா ஸ்டேஷன் வரைக்கும் போனாளே, ஏன் திரும்பி வர்றா? அவன் ஒரு போன்கூடப் பண்ணலையே."

"கதைன்னா அப்படித்தான்."

"எங்கக்காவா இருந்தா வந்திருக்க மாட்டா. நடுவுல வேற ஒரே இழுவை மாமி. சரி, உளுந்து எவ்ளோ?"

"ரெண்டு கிலோ."

செயலியில் ஏறியிருந்த பட்டியலை நீக்கினாள். முப்பத்தோரு பாராட்டும் கூடவே போயின. உடனே குழுத் தலைவி ப்ரியாவிடமிருந்து செய்தி வந்தது: 'சிஸ், ஏன் டெலீட் பண்ணீங்க? கமெண்ட் போட்டவங்க உழைப்பு வீணாகுது. ஒரு மணிக்குள்ள திரும்ப ஏத்துங்க, இல்லன்னா வார லிஸ்ட்ல இருக்க மாட்டீங்க.'

பாகம் கையிலேயே இருந்தது. ஏற்ற அரை நிமிஷம் போதும். பத்மஜா அதைப் படித்துப் பார்த்தாள். அந்தப் பெண் திரும்பி வருவது பொய் என்று எழுதும்போதே அவளுக்குத் தெரியும். யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

'இன்று பாகம் இல்லை' என்று குழுவில் போட்டாள். அதற்கும் எட்டுப் பேர் 'அருமை' என்றார்கள்.

ஹௌரா ஸ்டேஷனில் நிற்கும் பெண்ணை அங்கேயே நிறுத்திவிட்டு, அதற்குப் பின்னால் எழுதியிருந்ததை எல்லாம் அழித்தாள்.