நடுவில் ஓர் எஞ்சின்

எமோரியின் படகு எழும்பவில்லை. நாலு பேர் ஏறினால் ஓடியது. எட்டுப் பேர் ஏறினால் நிறைமாதப் பன்றி போல மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை உழுதது. நாற்பது குதிரை எஞ்சினில் இருபது குதிரை எங்கோ மேயப் போயிருந்தது.

திங்கட்கிழமை காலை கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வருகிறார். பன்னிரண்டு பிள்ளைகளையும் அவரையும் ஏற்றி, விரிகுடாவைக் கடந்து, முதல் மணிக்கு முன்னால் பள்ளிக்கூடத் துறையில் இறக்கினால் பள்ளிப் படகு ஒப்பந்தம் எமோரிக்கு. இல்லையென்றால் பக்கத்து ஊர் சகியாசிக்கு. ஞாயிற்றுக்கிழமை ஸ்பானரைத் தொட்டவன் பெயர் போதகரின் பிரசங்கத்தில் வந்துவிடும். ஆக, மிச்சம் இருந்தது சனிக்கிழமை மட்டும்.

அதற்குள் எமோரி பிளக்கை மாற்றினான். கார்புரேட்டரைக் கழுவினான். பெட்ரோலை வடிகட்டினான். அடிப்பாசி சுரண்டினான். தங்கையைத் தவிர எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிட்டான்.

தங்கை உனைசி தலைநகர் சூவாவில் படகு எஞ்சின் படித்தவள். அவர்கள் கிராமத்திலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள். அவளுடைய சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினார்கள், எஞ்சினைத்தான் தொடவிடவில்லை. புல்வெட்டும் இயந்திரம் கெட்டால் மட்டும் கூப்பிடுவார்கள். கூலி, ஒரு தட்டு மரவள்ளிக்கிழங்கும் "கெட்டிக்காரி" என்ற பட்டமும். பட்டத்தை வேகவைத்தா தின்ன முடியும்?

எமோரி அவளைக் கூப்பிடாததற்கு ஆம்பிளைத் திமிர் பாதிக் காரணம். மீதி, வழக்கம். வயதுக்கு வந்தபின் அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேசக் கூடாது. அது மரியாதை. கடைசியாக அவர்கள் நேரில் பேசியது ஒரு பந்துக்காகப் போட்ட சண்டை. அது பாதியிலேயே நின்றுபோனது.

இப்போது வேறு வழியில்லை, அவளைக் கூப்பிட நடுவில் ஓர் ஆள் வேண்டும். மாமன் மகன் அபகூகி வந்தான். முறைக்காரன், இருவரையும் என்ன சொல்லியும் கேலி பண்ணலாம். அந்த உரிமையை அவன் ஒருநாளும் வீணாக்கியதில்லை.

படகைக் கரையோரத் தென்னையில் கட்டினார்கள். எஞ்சினுக்கு ஒரு பக்கம் எமோரி, கையில் முடுக்குப் பிடி. மறுபக்கம் உனைசி, கையில் டைமிங் விளக்கு. பிளக்கில் பொறி விழும்போதெல்லாம் அந்த விளக்கு மின்னும். எஞ்சின் தலையில் சுழலும் சக்கரத்தின் கோடு, நின்றுவிட்டது போலத் தெரியும். கோடு நிற்கும் இடம், பொறி நேரத்துக்கு விழுகிறதா என்று சொல்லும். அண்ணனுக்கும் தங்கைக்கும் இடையில் ஒரு முழம். அந்த ஒரு முழத்தில் அபகூகி.

"மெதுவா முறுக்கச் சொல்லு."

"மச்சான், மெக்கானிக்கம்மா மெதுவா முறுக்கச் சொல்றாங்க. நேத்து கவா வேரைக் கரைச்சுக் குடிச்சியே, அந்த வேகம் ஆகாதாம்."

"நான் அதைச் சொன்னேனாடா?"

"நீ நெனச்சே. மூஞ்சியில எழுதியிருக்கு."

எமோரி முறுக்கினான். "போதுமான்னு கேளு."

"போதுமாங்குறான். இவனுக்கு எதுலதான் போதும்னு தோணியிருக்கு?"

"போதும்! குறைக்கச் சொல்லு!"

"மச்சான், குறைக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயம்..."

கயிறு விறைத்தது. தென்னை ஆடியது. ஒரு தேங்காய் அபகூகியின் காதை ஒட்டித் தண்ணீரில் விழுந்தது. அவன் அதையும் திட்டினான்.

முறுக்கினால் கோடு உடனே முன்னேற வேண்டும். அதுவோ எப்போதும் பிந்தியே வந்தது. உனைசி எஞ்சினைச் சந்தேகித்தாள், கம்பிகளைச் சந்தேகித்தாள், தன் படிப்பையே சந்தேகித்தாள். பிறகுதான் உறைத்தது: பிந்தியது எஞ்சின் இல்லை, அபகூகியின் வாய்.

"போய்த் துடைப்பத்துலேர்ந்து ஒரு ஈர்க்குச்சி எடுத்துட்டு வா. நேரா இருக்கணும்."

அவன் போனான். இருவரும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்கள். கடைசியில் உனைசி எஞ்சினைப் பார்த்தாள்.

"ஏ எஞ்சினே, கொஞ்சம் ஏறு."

எமோரியின் கை தயங்கியது. எஞ்சின் ஏறியது.

"இன்னும். அங்கேயே நில்லு."

நின்றது. கோடும் சொன்ன இடத்தில் கல்லாக நின்றது. எல்லா வேகத்திலும் சரி. அதுதான் அவளுக்கு எரிச்சலைக் கிளப்பியது. நேரம் சரி, பலம் மட்டும் இல்லை.

"நல்லாத்தானே இருக்கே எஞ்சினே, அப்புறம் ஏன் நோஞ்சானாட்டம் இழுக்கிறே? சின்ன வயசுலயே நீ அப்படித்தான். அடுத்தவ பந்தைக் கடல்ல எறிஞ்சுட்டு நல்லவனாட்டம் நிப்பே."

எமோரி இருமினான். "எறியலை எஞ்சினே. காத்து அடிச்சுட்டுப் போச்சு."

அபகூகி குச்சியோடு வந்தான். உனைசி எஞ்சினை நிறுத்தி, மேல் பிளக்கைக் கழற்றி, ஓட்டைக்குள் ஈர்க்குச்சியை விட்டாள். சக்கரத்தைக் கையால் சுற்றச் சுற்ற, உள்ளே பிஸ்டன் ஏற, குச்சியும் ஏறியது. குச்சி உச்சிக்கு வரும்போது சக்கரத்தின் உச்சிக்குறி, எஞ்சின் உடம்பில் பதித்த முள்ளுக்கு நேரே வர வேண்டும். இரண்டு விரற்கடை தள்ளி நின்றது.

விளக்கு பொய் சொல்லவில்லை. பொறியைப் போலவே அதுவும் சக்கரத்தை நம்பியது. சக்கரமே தண்டில் நழுவியிருந்தது. ஊர் மணியே தாமதமாக அடித்தால் எல்லாக் கடிகாரமும் அதோடு ஒத்துப்போகும். கப்பல் மட்டும் போயிருக்கும்.

"யாரோ இந்தச் சக்கரத்தைக் கழட்டியிருக்காங்க."

"யாருன்னு கேக்குறா மச்சான்."

"நான் இல்லைன்னு சொல்லு," என்றான் எமோரி, கடலைப் பார்த்து.

உனைசி அவன் கழுத்து வியர்ப்பதைப் பார்த்தாள். "அபகூகி, இன்னொரு குச்சி கொண்டா."

"இதுக்கு என்ன கேடு?"

"வளைஞ்சிருக்கு."

"உன் புத்தி மாதிரியா?" என்று கேட்டுக்கொண்டே போனான். அவன் தலை மறைந்ததும் எமோரி எஞ்சினிடம் குனிந்தான்.

"எஞ்சினே, பாறையில ப்ரொப்பல்லர் முட்டினப்ப உன் கீ ஒடிஞ்சுபோச்சு. கடையில கிடைக்கலை. நானே ஒண்ணு வெட்டி வச்சேன்."

கீ என்பது பிறைநிலா மாதிரி ஓர் இரும்புத் துண்டு. சக்கரத்தையும் தண்டையும் சேர்த்துப் பூட்டுவது அதுதான்.

"எதுல வெட்டினே, எஞ்சினே?"

எமோரி பெட்ரோல் மூடியைத் திறந்து மறுபடி மூடினான்.

"மாதர் சங்கத்துக் கரண்டியில."

உனைசி வாயைப் பொத்திக்கொண்டாள். ஈஸ்டர் விருந்துக்கு முன் காணாமல் போன பெரிய அலுமினியக் கரண்டி! பழி அபகூகியின் அம்மா தலையில் விழுந்து, மாமி அன்றிலிருந்து பாட்டுக் குழுவுக்கே வருவதில்லை. இதை அபகூகி வழியாகச் சொல்ல முடியுமா? ஒலிபெருக்கி வைத்து ரகசியம் பேசுவதுபோல ஆகிவிடும்.

"கரண்டிக் காம்பை வச்சு நாற்பது குதிரையைக் கட்டினியா? வாழைநாருக்கு என்ன பஞ்சமா?" சிரிப்பு போய் இப்போது அவளுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "மாமி தலை குனிஞ்சு நடக்குறா, எஞ்சினே. புதுக் கரண்டியும் மன்னிப்பும் அவ வீட்டுக்கு நடந்து போகணும்."

"போகும்," என்றது எஞ்சின், எமோரியின் குரலில்.

போதகரின் தோணிக்கு நங்கூரமாகக் கிடந்த செத்த எஞ்சினும் அதே ஜாதி. அதன் வயிற்றிலிருந்து நல்ல கீ கிடைத்தது. பொழுது சாய்வதற்குள் சக்கரம் தன் இடத்தில் உட்கார்ந்தது.

திங்கட்கிழமை வந்த அதிகாரி மூன்று பிள்ளைகளின் எடை இருந்தார். உனைசி படகின் முன்பக்கத்தில் முதுகைத் திருப்பி உட்கார்ந்தாள். எமோரி முறுக்கினான். மூக்கு எழும்பியது, அப்படியே நின்றது, பிறகு சட்டென்று படிந்து படகு தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு ஓடியது. பிள்ளைகள் கத்தினார்கள். அதிகாரி தொப்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எஞ்சினை நல்லா வச்சிருக்கே," என்றார் அபகூகியிடம், அவன்தான் மெக்கானிக் என்று நினைத்து.

"நான் இல்லை சார். நான் வெறும் ஒயரு. அதையும் நடுவுல கழட்டி விட்டுட்டாங்க."

"அப்ப யாரு மெக்கானிக்?" அதிகாரி எமோரியைப் பார்த்தார். "எஞ்சினைப் பாத்துக்க ஆள் இல்லாத படகுக்கு நான் பிள்ளைகளைக் கொடுக்க மாட்டேன்."

எமோரி விரிகுடாவின் நடுவில் எஞ்சினை அணைத்தான். பன்னிரண்டு பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எஞ்சினே, உன் மண்டையைத் திறந்து சரி பண்ணினது என் தங்கச்சி உனைசி. இனி உன்னை அவதான் பாத்துக்குவா. ஐயாகிட்டச் சொல்லு."

அதிகாரி எஞ்சினைப் பார்த்தார், பிறகு அந்த முதுகைப் பார்த்தார். அவரும் தங்கைகளோடு பிறந்தவர்தான். "எஞ்சின் சொன்னா சரி. ஒப்பந்தம் உனக்கு," என்றார்.

உனைசி திரும்பவில்லை. "அபகூகி, அந்த எஞ்சின்கிட்டச் சொல்லு. மரவள்ளிக்கிழங்குக்கு நான் வேலை செய்ய மாட்டேன். மாசாமாசம் சம்பளம்."

அபகூகி வாயைத் திறப்பதற்குள் எமோரி எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்துவிட்டான். முதல் இழுப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. உனைசி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.