ஹாலிச் செடியைத் திருத்தியவர்

1
இந்தக் கதைக்குக் காரணம் ஒரு தோட்டக் கத்தரி. அதைப் பிடித்திருந்தவர் எழுத்தாளர். ('நான்' என்றே எழுதியிருக்கலாம். தைரியம் வரவில்லை. ஆகவே 'அவர்'.) வேறொரு கதையின் முதல் பத்தி சண்டித்தனம் செய்தது. கொஞ்சம் காற்று வாங்கலாமென்று தோட்டத்துக்குப் போனவர், மனைவி வளர்க்கும், கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் வருமே, அந்த ஹாலிச் செடியைத் திருத்த ஆரம்பித்துவிட்டார். இந்தக் கிளை? கூறியது கூறல். வெட்டு. இந்த முள்முள்ளான இலை? வெறும் அலங்காரம். வெட்டு.

உள்ளே வந்து பார்த்தால் பத்தியில் ஒரு எழுத்துக்கூடக் குறையவில்லை. வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கும் செடிதான் துடைப்பக்கட்டையாகியிருந்தது.

2
மனைவி, தனியாக இருக்கும் தன் அப்பாவைப் பார்க்கப் போயிருந்தாள். கிளம்பும்போது சொன்னது இது:

"அப்பாவ இங்கயே கூட்டிட்டு வந்துடலாம்னு இருக்கேன். நான் வேலைக்குப் போயிட்டா நீங்கதான் பாத்துக்கணும். முதல்ல இந்தச் செடியப் பாத்துக்கோங்க. அப்புறம் பாப்போம்."

அந்தப் 'பாப்போம்'தான் இந்தக் கதையின் வில்லன்.

3
மாமனாருக்காகச் செடியைக் காப்பாற்றத் துடித்த மருமகனின் கண்களில்— (வேண்டாம். கண்கள் போன் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தன.)

"அண்ணே, செடி பொழைக்குமா?"

"பொழைக்கும்னும் சொல்லலாம் சார்," என்றார் நர்சரிக்காரர். "சொல்லாமலும் இருக்கலாம்."

"எப்பத் தழைக்கும்?"

"அது அதோட மனசு."

ஹாலியில் சிவப்பாகப் பழம் வரும் என்று எங்கோ படித்த ஞாபகம். கடைக்கு ஓடிச் சிவப்பு மணிகள் வாங்கிவந்து, மொட்டைக் கிளைகளில் பசை போட்டு ஒட்டினார். இலை போனால் என்ன, காய்ப்புக்குக் குறைச்சல் இல்லையே! (இங்கே நீங்கள் சிரித்தால் அவருக்கு ஆட்சேபம் இல்லை.)

4
மனைவி திரும்பி வந்தாள். நாலு நாள் இருந்து பார்க்கட்டும் என்று அப்பாவையும் கையோடு கூட்டி வந்திருந்தாள்.

"என்னங்க இது?"

"பழம்."

"இது ஆண் செடி. இதுல பழமே வராது."

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: ஹாலியில் ஆண் வேறு, பெண் வேறு, பெண் செடிதான் பழுக்கும். எழுத்தாளருக்கே அப்போதுதான் தெரியும்.)

இனி முடிவுகள். ஒன்று: மனைவி சிரித்துவிடுகிறாள். (சிரிக்கவில்லை.) இரண்டு: செடி கண்ணெதிரே துளிர்க்கிறது. (எழுதவே கூச்சமாக இருக்கிறது.) மூன்று: மாமனார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அந்த ஆளில்லாத வீட்டுக்கே—

இதை எழுதக் கை வரவில்லை.

5
"அப்போ, மாமா விஷயம்...?"

"பாப்போம்," என்று சொல்லிவிட்டு மனைவி உள்ளே போய்விட்டாள்.

நாலாவது முடிவு எழுத்தாளர் எழுதியதல்ல. அதில் அவருக்கு ஒரே ஒரு வசனம்தான்.

"மாமா, நீங்களே சொல்லுங்க. எங்ககூட இருப்பீங்களா, மாட்டீங்களா?"

மாமனார் ஒரு பழத்தைக் கிள்ளிப் பார்த்தார். வரவில்லை. பசை நல்ல பசை.

"இருக்கேன் மாப்பிள்ளை. நீங்க என்னைப் பாத்துப்பீங்கன்னு இல்ல. பகல்ல உங்களத் தனியா விடறது சரியில்ல."