பத்து லிட்டர் கணக்கு

மேஜைப் பலகைகளில் பிசின் ஊற்றிக் கண்ணாடி மாதிரி பளபளக்க வைக்கும் பட்டறை அது. மாமனாருக்கு வயதாகிவிட்டது. பட்டறைப் பொறுப்பை மாப்பிள்ளையிடம் கொடுப்பதா, சொந்த மகனிடம் கொடுப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைக்கோ அதன் மேல் அப்படி ஓர் ஆசை. மனுஷன் தூக்கத்தில்கூடப் பட்டறைக் கதவைத் திறந்து மூடுவார் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

அன்று ஓட்டல்காரரின் நீள மேஜைக்கு ஊற்ற வேண்டும். பிற்பகலில் வந்து பார்ப்பதாக அவர் சொல்லியிருந்தார்.

பிசின் டப்பாவில் 'பாட் லைஃப்: நாற்பது நிமிடம்' என்று போட்டிருந்தது.

"அப்படின்னா என்ன மாப்பிள்ளை?" என்றார் மாமனார்.

"இறுக்குற மருந்தைக் கலந்ததுக்கு அப்புறம், பிசின் எவ்வளவு நேரம் ஊத்துற பதத்துல இருக்கும்னு அர்த்தம் மாமா. ஒரு லிட்டருக்குப் போட்டிருக்கான்."

"அப்போ பத்து லிட்டருக்கு நானூறு நிமிஷம். மொத்தத்தையும் ஒரே வாளியில கலந்து வைங்க. சாப்பிட்டுட்டு வந்து நிதானமா ஊத்தலாம்."

அட கடவுளே, விஷயம் நேர் தலைகீழ். நிறையக் கலந்து ஒரே வாளியில் வைத்தால், பிசின் தன் சூட்டிலேயே கொதித்து இன்னும் சீக்கிரம் இறுகிவிடும். மாப்பிள்ளைக்கு இது நன்றாகவே தெரியும். சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. போன வாரம் அப்பாவின் பேச்சில் தப்புக் கண்டுபிடித்த மச்சான், வாங்கிக் கட்டிக்கொண்டதும் ஞாபகம் வந்தது. மென்று முழுங்கிவிட்டார்.

"உங்க கணக்கு தப்புமா மாமா?"

சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் வாளி புகைந்துகொண்டிருந்தது. கலக்கிய குச்சி நடுவில் நட்டுக்கொண்டு நின்றது. ஆட்டினால் வாளியும் சேர்ந்து ஆடியது.

மாமனார் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் முந்நூத்தி எழுபது நிமிஷம் இருக்கு. ஊத்துங்க."

மாப்பிள்ளை தோளில் சாக்கைப் போட்டு, கையுறை மாட்டி, வாளியைத் தூக்கித் தோளில் வைத்துக் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை.

"வருதா?"

"வருது மாமா."

"மூலைக்குப் போகுதா?"

"நல்லாப் போகுது."

"கரண்டியால சமமா இழுத்து விடுங்க. அதோ, அங்க ஒரு குமிழி."

மாப்பிள்ளை தோள் வாளியை ஒரு கையால் பிடித்தபடி, மறு கையால் வெறும் பலகையில் கரண்டியை இழுத்தார். குனிந்து, இல்லாத குமிழியை ஊதி உடைத்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இனிமேல் என்ன என்று இன்னொரு குமிழியையும் தானாகவே தேடி உடைத்தார்.

மாமனார் கண் கலங்கி அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். "அருமையா ஊத்திட்டீங்க. இந்த நிமிஷத்துலருந்து பட்டறை உங்க பொறுப்பு மாப்பிள்ளை."

மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. எத்தனை வருஷத்து ஏக்கம்! வாளியின் கனம்கூடத் தெரியவில்லை.

"இனி நல்லது கெட்டது எதுக்கும் நீங்கதான் பதில் சொல்லணும். ஓட்டல்காரர் தெருமுனைக்கு வந்துட்டார், பேசிக்கோங்க" என்று சொல்லிவிட்டு, மாமனார் பின்வாசல் வழியாக நடையைக் கட்டினார். அந்த வயதில் அத்தனை வேகம் அவருக்கு எங்கிருந்து வந்ததோ.

ஓட்டல்காரர் உள்ளே வந்து பலகையைத் தடவிப் பார்த்தார். கையில் மரத்தூள்தான் ஒட்டியது.

"என்ன, இன்னும் ஊத்தவே இல்லையா?"

மாப்பிள்ளை தோளிலிருந்து வாளியை இறக்கவில்லை.

"ஊத்திட்டுத்தான் இருக்கேன் சார். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, சட்டையில பட்டுடும்."