பத்தாவது கையெழுத்து

எங்கள் கல்லூரியின் முஸ்லிம் மாணவர் மன்றத்துக்கு ஒரு வாரம்கூடத் தவறாமல் வருகிறவர் ஒருவர்தான். அவர் மாணவரும் இல்லை, முஸ்லிமும் இல்லை. பெயர் நடேசன், உளவுப் பிரிவு ஏட்டு. கலர் சட்டை போட்டுக்கொண்டு வருவார். காலில் இருக்கும் போலீஸ் ஷூவை மட்டும் கழற்ற மனசு வராது.

எங்கோ ஒரு ஊரில் குண்டு வெடித்ததிலிருந்து வருகிறார். சனிக்கிழமை மதியம், கடைசி பெஞ்சு. நாங்கள் ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் நிரப்பச் சொல்லிக்கொடுப்போம். அவர் வந்தவர்கள் பெயரை நோட்டில் எழுதுவார். ஒருமுறை சமோசா கொடுத்தோம். நான்கைத் தின்றுவிட்டு, "இது யாரு வாங்கித் தந்தது?" என்று கேட்டு அதையும் எழுதினார்.

சமோசாவுக்குச் சிரித்தோம். ஆனால் பெயர் எழுதுகிற செய்தி எங்கள் ஊர் வில்லியனூர் முழுக்கப் பரவிவிட்டது. "நாளைக்கு பாஸ்போர்ட்டுக்குப் போனா மாட்டிக்குவ" என்று வீடுகளில் தடுத்தார்கள். முப்பது பேர் ஒன்பது பேரானோம். செயலாளர் நான்தான், ஜுலைஹா. வீடு வீடாகப் போய்க் கெஞ்சியும் பார்த்தேன். ஒரு சனிக்கிழமையைக் கெடுவாகக் குறித்து, அன்று வருகைப் பதிவேட்டில் பத்துக் கையெழுத்து இல்லாவிட்டால் மன்றத்தை மூடிவிடுவோம் என்று கல்லூரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

கெடு வைத்த சனிக்கிழமையும் ஒன்பது பேர்தான். பொறுப்பாசிரியை ருக்குமணி மேடம் கடைசி பெஞ்சைப் பார்த்தார்.

"வந்தவங்க கையெழுத்துன்னுதான் விதியில இருக்கு. மாணவர்னு போடல. சாரும் வந்திருக்காரே."

பதிவேட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் ஓடினேன்.

"இன்னாம்மா இது?"

"ஒரு வருஷமா வர்றீங்க சார். உங்க பேரை எழுதுங்க. மன்றம் பொழச்சிக்கும்."

பேனாவைத் திறந்தார். எங்கள் பெயர்களையெல்லாம் சரசரவென்று எழுதிய அதே பேனா. பத்தாவது கோட்டில் வைத்தார். எடுத்தார்.

"வேணாம்மா. இதுல என் பேரு இருந்தா, நாளைக்கு எவனாவது எடுத்து வெச்சிக்கினு எதுனா கேப்பான். வூட்ல புள்ளைங்க இருக்கு."

"எங்க அத்தாவும் இதையேதான் சொல்றாரு சார்."

அவர் பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. அன்று மாலையே அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பக்கம் போனேன். பூட்டிய அறை வாசலில், சரியான நேரத்துக்கு நடேசன் நின்றுகொண்டிருந்தார், கையில் நோட்டோடு.

"யாருமே இல்லியேம்மா. இன்னிக்கு இன்னா எழுதறது?"

"நீங்க ஒருத்தர் மட்டும் வந்தீங்கன்னு எழுதுங்க சார்."