கறுப்பு வண்டியில் ஆரத்திப் பொட்டு

ஆம்பூர் தோல்மண்டி கலீமுல்லா சாயபுவின் மகனுக்கு அன்று சாயங்காலம் கல்யாண ஊர்வலம். மாப்பிள்ளை ஏறப்போகும் கார் வேலூரில் துரைசாமியின் வண்டிப் பூச்சுப் பட்டறையில் கறுப்புக் கண்ணாடியாக நின்றது. பானெட்டின் நடுவே மட்டும் ஒரு பொட்டளவு வெளுப்பு.

முந்தின நாள் மெருகு முடிந்ததும் துரைசாமியின் மனைவி அமிர்தவள்ளி ஆரத்தி சுற்றி, வீட்டுப் பிள்ளைக்கு இடுவதுபோல அதற்கும் பொட்டு இட்டிருந்தாள். ஆரத்தியில் கரைத்த சுண்ணாம்பு புதுப் பூச்சைக் கடித்துவிட்டது.

"கண்ணு படக்கூடாதுன்னுதாங்க வச்சேன்."

"இப்ப ஊர்க்கண்ணு பூரா அங்கதான் படும்."

மகன் வேலு குனிந்து பார்த்தான். "அந்த எடத்துல பூவ ஜாஸ்தியா தொங்கவிட்டா போச்சு, நைனா."

"பூ வாடினப்புறம் இன்னா பண்ணுவ? சாயபு வீட்டு வாசல்ல நின்னு தெனம் பூ கட்டுவியா?"

அப்பன் காலத்துக் குதிரைச் சாரட்டு முதல் இந்தப் பட்டறையிலிருந்து ஒரு வண்டியும் குறையோடு போனதில்லை. துரைசாமி உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, கட்டையில் சுற்றிக்கொண்டார். கறுப்புக்கு அடியில் இருப்பது சிவப்புப் பூச்சு. அது வெளியே தெரிந்தால் மறுபடி பூசிக் காயவைக்க நேரம் இல்லை.

"தண்ணிய ஊத்து."

அமிர்தவள்ளி செம்பைச் சாய்த்தாள். தேய்க்கத் தேய்க்க, வழிந்த நீரையே பார்த்திருந்தார். கறுப்பாக வழிந்தது. இன்னும் இரண்டு இழுப்பு. அப்போதும் கறுப்புதான். துடைத்தார். வெளுப்பு இல்லை, சிவப்பும் இல்லை. மெருகு மாவை எண்ணெயில் குழைத்துத் தேய்த்து, மெல்லிய ஆட்டுத்தோலால் பளபளப்பாக்கினார்.

மத்தியானம் சாயபு வந்தார். "ஆச்சா மேஸ்திரி?"

"ஆச்சு சாயபு. ஒண்ணு சொல்லணும். எங்க வூட்ல ஆரத்திப் பொட்டு வச்சதுல பூச்சு வெளுத்துப் போச்சு. தேச்சு எடுத்திருக்கேன். சரியில்லன்னா இப்பவே சொல்லிடுங்க."

வேலு தலையில் கை வைத்துக்கொண்டான்.

சாயபு குனிந்தார். "எங்க?"

துரைசாமி விரலை நீட்டினார். விரல் பானெட்டின் மேல் அங்குமிங்கும் போய் நின்றது. குனிந்து பார்த்தார். தன் தலைப்பாகையும் மீசையும்தான் அதில் தெரிந்தன.

"இங்கதான்... எங்கியோ."

"தேடிட்டே இருங்க. கெடச்சா ஆம்பூருக்கு ஆள் அனுப்புங்க," என்று சிரித்தபடி சாயபு வண்டியில் ஏறினார்.

கார் தெருமுனை திரும்பும்வரை துரைசாமி நிமிர்ந்தே நின்றார். பிறகு மனைவியிடம் சொன்னார்:

"அடுத்த வண்டிக்குப் பொட்ட டயர்ல வை."